கேளுங்க டீச்சர்: ரோல் நம்பர் 1 ஏன் எப்போதும் பையன்?

போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். பொம்பளைப் பிள்ளை, ஆம்பளைப் பிள்ளை என்று பார்க்கும் பழக்கம் பள்ளிக்கூடத்துக்குள் வந்து என்ன செய்கிறது, உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள் என்று. இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்து முடிக்கவே ஒரு வாரம் ஆனது. பெயர் போடாதீர்கள் என்று பாதிப்பேர் கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊர் மட்டும்தான். 31 வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்தவள், அதனால் பதிலில் கொஞ்சம் கணக்கு வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர்: டீச்சர், நான் நடுநிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வகுப்பைக் கூட்டுவது, கோலம் போடுவது, எங்கள் டிபன் பாக்ஸைக் கழுவுவது எல்லாம் பெண் பிள்ளைகள். பெஞ்ச் தூக்குவது, கடைக்குப் போய் டீ வாங்கி வருவது பையன்கள். மாற்றலாமே என்றால் "வந்த புதுசுல எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்று சிரிக்கிறார்கள். நான்தான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேனா?

இல்லை தம்பி. பிள்ளைகளை டிபன் பாக்ஸ் கழுவவிடுவதே தப்பு, அது தனிப் பஞ்சாயத்து. உங்கள் பாக்ஸை நாளையிலிருந்து நீங்களே கழுவுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

டீ வாங்கப் போகிற பையனைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கேட்டைத் தாண்டி வெளியே போகிறான், கடைக்காரரிடம் பேசுகிறான், மீதிச் சில்லறையை எண்ணி வாங்குகிறான், வழியில் நாலு பேரைப் பார்த்துவிட்டு வருகிறான். கூட்டுகிற பெண் என்ன செய்கிறாள்? தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்க்கிறாள். இரண்டும் வேலைதான், ஆனால் ஒரு வேலை வெளியுலகத்தைப் பழக்குகிறது, இன்னொன்று குனியப் பழக்குகிறது. ஐந்து வயதில் தொடங்கிப் பதினான்கு வயது வரை தினமும் நடக்கிற பாடம் இது, இதற்குப் பரீட்சை கிடையாது என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

இன்னொன்றும் பாருங்கள், உங்கள் வருகைப் பதிவேடு. நான் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் முதலில் பையன்கள் பெயர் வரும், அது முடிந்ததும் சிவப்பு மையில் ஒரு கோடு, அதற்குக் கீழேதான் பெண்கள். ரோல் நம்பர் 1 எப்போதும் பையன். நோட்டு கொடுப்பது, உயரம் எடை பார்ப்பது, விலையில்லாக் காலணி கொடுப்பது எல்லாமே அந்த வரிசையில்தான். ஒரு வருஷம் காலணி மூட்டையில் ஐந்தாம் நம்பர் அளவு குறைவாக வந்திருந்தது. வரிசைப்படி கொடுத்துக்கொண்டே போனேன், கடைசியில் ஏழு பெண் பிள்ளைகள் ஆறாம் நம்பர் செருப்பை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, நானும்தான். மறுவருஷம் என் வகுப்புப் பதிவேட்டில் எல்லோரையும் ஒன்றாக அகர வரிசையில் எழுதினேன். முதல் நாளே ஒரு பையன் எழுந்து, "மிஸ், நான் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து நம்பர் ஒன்னு. இப்ப ஏன் இருபத்தி மூணு?" என்று கேட்டான். கண்ணில் தண்ணீர் வேறு. சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மாற்றிப் பார்த்தால் மாறுமா என்பதற்கு ஒரு நல்ல சான்று ஹரியானாவில் இருக்கிறது. பெண் குழந்தைகளின் எண்ணிக்கை படுமோசமாக இருந்த மாநிலம் அது. சோனிப்பத், பானிப்பத், ரோத்தக், ஜஜ்ஜர் மாவட்டங்களில் 314 அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அதில் பாதிப் பள்ளிகளில் மட்டும் ஏழாவது எட்டாவது பிள்ளைகளோடு இரண்டரை வருஷம் இதைப் பற்றிப் பேசினார்கள். பெரிய பிரசங்கம் எல்லாம் இல்லை, மூன்று வாரத்துக்கு ஒரு முறை முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். பிறகு பார்த்தால் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் நினைப்பு மாறியிருந்தது, பையன்கள் வீட்டு வேலையில் கை வைப்பதும் கூடியிருந்தது. திட்டம் முடிந்து இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் நினைப்பில் வந்த மாற்றம் அப்படியே இருந்தது.

நீங்கள் சமத்துவம் அது இது என்று ஆரம்பித்தால் ஸ்டாஃப் ரூமில் ஓட்டித் தள்ளிவிடுவார்கள். ஒரு அட்டையில் வாரத்துக்கு ஐந்து நம்பர் எழுதி ஒட்டிவிடுங்கள், அந்த வாரம் கூட்டுவதும் அவர்கள், பெஞ்ச் தூக்குவதும் அவர்கள். பையன் கூட்டினால் மூலையில் குப்பை அப்படியே கிடக்கும். "உனக்கு வராதுடா, கொடு" என்று விளக்குமாற்றை வாங்கிப் பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் கொடுத்துவிடாதீர்கள். காரியம் கெடுவது அந்த இடத்தில்தான்.

திருப்பூரிலிருந்து ஓர் அப்பா: எப்பப் பார்த்தாலும் பெண்களுக்குத்தான் பேசுகிறீர்கள். ரிசல்ட் வந்தால் பேப்பரில் துள்ளிக் குதிக்கிற போட்டோ எல்லாம் பொண்ணுங்கதான். என் பையன் பத்தாவதில் இரண்டு பாடம் போய்விட்டது, இப்போது பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்கிறான். பையன்களுக்கு என்ன மூளை குறைவா?

கோபம் நியாயம் ஐயா. 2025 பொதுத் தேர்வில் பத்தாம் வகுப்பில் பெண்கள் 95.88 சதவீதம் தேர்ச்சி, பையன்கள் 91.74. பிளஸ் டூவில் 96.70, 93.16. இது ஒரு வருஷத்துக் கதை இல்லை, வருஷா வருஷம் இப்படித்தான். அதுவும் தேர்வு எழுத வந்தவர்களின் கணக்குதான். ஒன்பதாவதிலேயே நின்றவன் இந்தக் கணக்கிலேயே வரமாட்டான்.

மூளையெல்லாம் குறைவில்லை. பெண்ணுக்கு ஏன் மார்க் வருகிறது என்று முதலில் சொல்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவள் வெளியே போகக் கூடாது, விளையாடக் கூடாது, போன் கொடுக்க மாட்டோம், தோழி வீட்டுக்குப் போனாலும் தம்பியைக் கூட அனுப்புவோம். பாத்திரம் கழுவி முடித்த பிறகு அவளுக்கு மிச்சம் இருப்பது புத்தகம் ஒன்றுதான். அதோடு மார்க் குறைந்தால் மாப்பிள்ளைப் பேச்சு வந்துவிடும் என்பது எட்டாவது பெண்ணுக்கே தெரியும். அந்தப் பயம்தான் அவளுக்கு டியூஷன். நாம் அதைப் பார்த்துவிட்டுப் பொண்ணுங்கன்னா பொறுப்பு என்கிறோம்.

பையனுக்கு நேர் எதிர். ராத்திரி ஒன்பதுக்கு வந்தால் "பையன்னா அப்படித்தான்." நோட்டு எழுதவில்லையா, பையன்னா அப்படித்தான். வகுப்பிலும் இதே கதை. பெண் பேசினால் கண்டிப்போம், பையன் பேசினால் பிரம்பைத் தேடுவோம். அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் பையனை நாலு தட்டு தட்டினால்தான் ஆச்சு என்று பெற்றோரே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். தோலை உரிங்க, கண்ணை மட்டும் விடுங்க என்பார்களே, அதைப் பெண்ணைப் பெற்ற யாராவது என்னிடம் சொல்லியிருக்கிறார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் இல்லை.

உங்கள் ஊரில் இதோடு இன்னொரு இழுப்பும் உண்டு. லீவில் சும்மா பனியன் கம்பெனியில் கைமடிக்க, அதாவது டெய்லருக்குக் கையாளாக, போகிறவன் முதல் சனிக்கிழமைச் சம்பளத்தைக் கையில் வாங்குகிறான், அதில் அம்மாவிடம் ஐந்நூறு கொடுக்கிறான், வீட்டில் அவன் பேச்சுக்கு அன்றைக்கே மரியாதை கூடிவிடுகிறது. பதினைந்து வயதில் ஆம்பளையாகிவிட்டான். வகுப்பில் கடைசி பெஞ்சு, அங்கே ஒன்றரை ஷிப்ட் டெய்லர். நீங்களாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? படி படி என்று மட்டும் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. அவனுக்கு மரியாதை கிடைக்கிற இடம் ஒன்றைப் படிப்புப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

துணைத் தேர்வு எழுத வைத்துவிடுங்கள், இரண்டு பாடம் பெரிய மலை இல்லை. ஐடிஐ பற்றியும் விசாரியுங்கள், அதைப் படிப்பு வராதவன் போகிற இடம் என்று மட்டும் அவன் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில்தான் வந்தது, கோவையில் தொடங்கினார்கள். பெண்ணைத் தூக்கிவிட்டால் போதும், பையன் தானாக வந்துவிடுவான் என்று நாம் எல்லோருமே நினைத்துக்கொண்டிருந்தோம். வரவில்லை.

பரமக்குடியிலிருந்து ஓர் அம்மா: மகள் பத்தாவதில் 478. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்கணும் என்கிறாள். அவள் அப்பா, "ஆயில் கையோட லேத்துல நிக்கப் போறியா, பக்கத்துக் காலேஜ்ல பி.எஸ்ஸி. முடிச்சிட்டு பி.எட். பண்ணு" என்கிறார். மாமியாரும் அதேதான். நான் எப்படிப் பேசுவது?

முதலில் அவசரமான விஷயம். பிளஸ் ஒன்னில் என்ன குரூப் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள், பேச்சு வார்த்தையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கணக்கு இல்லாத குரூப்பில் சேர்த்துவிட்டால் இன்ஜினீயரிங் கதவு பதினைந்து வயதிலேயே மூடிவிடும். வீட்டில் சண்டை ஓயவில்லை என்றால் கணக்கு-உயிரியல் குரூப்பில் போடுங்கள், இரண்டு பக்கமும் வழி திறந்திருக்கும். பெண் பிள்ளைகளின் வாழ்க்கை திசை மாறுகிற இடம் கல்லூரி என்று நினைக்கிறோம், உண்மையில் அது ஜூன் மாதத்தில் ஒரு மதிய வேளையில், பள்ளி ஆபீசில், குரூப் எழுதுகிற அந்த ஒரு கட்டத்தில் நடந்துவிடுகிறது. அந்த நேரம் அப்பா ஒருத்தர் மட்டும் வந்திருப்பார்.

நம் மாநிலத்தில் பெண்கள் கல்லூரிக்குப் போவதே பெரிய விஷயமாக இருந்த காலம் போய்விட்டது. ஆனால் என்ன படிக்கப் போகிறார்கள் என்று பாருங்கள். மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பில், 2020-21இல் நாடு முழுவதும் இளநிலைப் பொறியியல் படித்தவர்களில் பெண்கள் ஏறக்குறைய 29 சதவீதம்தான். பிளஸ் டூ வரை முந்திக்கொண்டு வந்தவர்கள் அந்த இடத்தில் எங்கே போனார்கள்? பக்கத்துக் காலேஜுக்குப் போனார்கள். பஸ் நேராகப் போகும், ஐந்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம், ஹாஸ்டல் வேண்டாம். பெண்ணின் பாடத்தைப் பல வீடுகளில் பஸ் ரூட்தான் முடிவு செய்கிறது.

இதில் அப்பாவை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன், ஊரும் அரசாங்கமும் நினைத்தது அப்படித்தான். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் வந்த திட்டம் ஞாபகம் இருக்கிறதா? எட்டாவது வரை படித்திருந்தால் கல்யாணத்துக்குப் பணம் என்று தொடங்கி, பிறகு பத்தாவது என்று ஆகி, கடைசியில் தாலிக்குத் தங்கம் என்றே பெயர் வாங்கிவிட்டது. அந்தப் பணத்துக்காகவே பெண்ணைப் பத்தாவது வரை விட்டுவைத்த வீடுகள் எனக்குத் தெரியும், அந்த வகையில் அது செய்தது நல்லதுதான். ஆனால் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து நின்ற ஒரு அம்மாவின் பெயரில், படிப்பு என்பது தாலிக்கு முந்தைய ஒரு தகுதி என்று முப்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். 2022இல்தான் அதே திட்டத்தைக் கல்லூரிப் படிப்புக்கு என்று திருப்பினார்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் உரிமை, ஆசை என்றெல்லாம் பேசினால் எடுபடாது, ரூபாயில் பேசுங்கள். உங்கள் மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். பிளஸ் டூவையும் அங்கேயே முடித்தால் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டுகிறது. 2021இலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அப்புறம் அந்த லேத்து. இப்போது மெக்கானிக்கல் படிக்கிறவர்கள் பாதி நேரம் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லலாம், ஆனால் சொல்லாதீர்கள். ஆயில் கையில் பட்டால் என்ன? அடுப்பங்கரையில் படாத எண்ணெயா?

தர்மபுரி மாவட்டத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் நான்கு பேர்: எங்கள் பள்ளியில் பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த மூன்று நாளும் லீவு போட்டுவிடுகிறோம். பி.டி. சார் எல்லோர் முன்னாலும் ஏன் அடிக்கடி லீவு என்று கேட்கிறார். என்ன சொல்வது?

கண்ணுகளா, நால்வரும் சேர்ந்து எழுதினீர்களே, அதுவே பெரிய காரியம்.

கணக்கு போடுவோம். மாதம் மூன்று நாள், பத்து மாதத்துக்கு முப்பது நாள். பள்ளி வேலை நாள் சுமார் 210. ஏழில் ஒரு பங்கு. ஒரு தாழ்ப்பாளுக்கு ஹார்டுவேர் கடையில் என்ன விலை? பரோட்டா சால்னா விலை. இந்தியப் பள்ளிகளில் 2000களில் கட்டிய கழிப்பறைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்தக் கழிப்பறை இருந்தாலும் சேர்க்கை கூடியது, ஆனால் வயதுக்கு வருகிற வயதில் இருக்கும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருந்தால் மட்டும்தான் கூடியது. அதாவது கட்டிடம் இருந்தால் மட்டும் போதாது, பயமில்லாமல் போகிற மாதிரி இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் கட்டிடம் இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. கணக்கில் 'உண்டு' என்று டிக் அடித்திருப்பார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். உங்கள் நாலு பேரின் அம்மாக்களில் ஒருத்தராவது அதில் இருப்பார், இல்லையென்றால் தெருவில் ஒருத்தர் இருப்பார். கூட்டம் எப்போது என்று கேட்டு, தாழ்ப்பாள், தண்ணீர், மூடியோடு ஒரு குப்பைத்தொட்டி, இந்த மூன்றை மட்டும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். தீரவில்லையா, பள்ளிக் கல்வித் துறையின் 14417க்கு நீங்களே பேசலாம். பள்ளியிலேயே நாப்கின் கொடுக்க வேண்டும், 2011இலிருந்து புதுயுகம் என்ற பெயரில் அந்தத் திட்டம் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்கள் இல்லை.

சாருக்கு என்ன பதில்? "சார், பீரியட்ஸ்" என்று சொல்லிப் பாருங்கள், சத்தமாக. இரண்டாவது தடவை கேட்கமாட்டார். முடியாது என்றால் வகுப்பு டீச்சரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், நான் ஒரு பி.டி. சாருக்குச் சொல்லியிருக்கிறேன், மனிதர் நிஜமாகவே அந்தக் கோணத்தில் யோசித்தே பார்த்ததில்லை. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், வயதுக்கு வந்துவிட்டாள் என்று எட்டாம் வகுப்புப் பெண்ணை வாசல் படியில் உட்காரவைத்துப் பரீட்சை எழுதவைத்தார்கள். அவள் அம்மா அதை வீடியோ எடுத்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது, பள்ளி முதல்வர் சஸ்பெண்ட் ஆனார். வீடியோ எடுக்காத எத்தனை வாசல் படிகள் இருக்குமோ.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: பெண்களுக்குக் கணக்கு வராது என்பது அறிவியல்பூர்வமான உண்மைதானே டீச்சர்?

என்னிடம் போய்க் கேட்கிறீர்களே. சரி, பல நாடுகளில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தும் பீசா தேர்வில், 2022இல், வளர்ந்த நாடுகளின் சராசரியில் பையன்கள் கணக்கில் 9 புள்ளி முன்னால், பெண்கள் வாசிப்பில் 24 புள்ளி முன்னால். இதை வைத்துப் பையன்களுக்குப் படிக்க வராது என்று நீங்கள் சொல்வதில்லையே. அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் 2010இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கணக்கு என்றாலே பயப்படுகிற பெண் ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகளில், வருஷக் கடைசியில், பெண் பிள்ளைகளுக்கு மட்டும் கணக்கு சறுக்கியிருந்தது, பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பயத்தை யாரிடமிருந்து வாங்குவது என்றுகூடப் பிள்ளைகள் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அதனால் அம்மாக்களே, "எனக்கும் கணக்குன்னா அலர்ஜி" என்று மகள் முன்னால் சிரித்துக்கொண்டு சொல்லாதீர்கள்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓர் அப்பா: மகனுக்கு 12 வயது. பாட்டு, டான்ஸ் என்றால் உயிர். நடை கொஞ்சம் நளினமாக இருக்கும். வகுப்பில் 'ஒம்போது' என்று கூப்பிடுகிறார்களாம், இரண்டு வாரமாகப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறான். கராத்தே வகுப்பில் சேர்த்தால் சரியாகுமா?

சரியாக வேண்டியது அவன் இல்லை.

இதற்கு உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்னால் என் ஒன்பதாம் வகுப்பில் இதே மாதிரி ஒரு பையன். கையெழுத்து முத்து மாதிரி இருக்கும், ஜியோமிதி படம் அவன் போட்டால் அழிக்க மனசு வராது. நான் கரும்பலகையில் கணக்கு போட்டு விடை 9 என்று எழுதினால் பின் பெஞ்சில் ஒரு சிரிப்புச் சத்தம் வரும். 'ஒன்பது' என்று வாயால் சொன்னால் இன்னும் அதிகம். எல்லோரும் திரும்பி அவனைப் பார்ப்பார்கள், அவன் ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? விடை 9 வராத கணக்காகப் பார்த்துப் போட ஆரம்பித்தேன். அவனுக்கு உதவி செய்வதாக நினைப்பு. பின் பெஞ்சை ஒரு நாள்கூட எழுப்பி நிறுத்திக் கேட்கவில்லை, கேட்டால் என்ன வார்த்தை சொல்லிக் கேட்பது என்று கூச்சம். அதற்கு முன்னால் ஒரு தடவை ஆண்டு விழா ஒத்திகையில் அவன் ஆடியதைப் பார்த்து ஸ்டாஃப் ரூமில் யாரோ ஏதோ சொல்ல, நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்கு அவன் வரவில்லை. டி.சி. வாங்கக்கூட வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

எனவே கராத்தே வேண்டாம் ஐயா. அவனாகக் கேட்டால் சேருங்கள், இவனை ஆம்பளையாக்க என்று சேர்த்தால் பின் பெஞ்சு பசங்கள் சொல்வது சரிதான் என்று நீங்களும் சொல்வதாக அவன் எடுத்துக்கொள்வான். வகுப்பு ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள், தலைமையாசிரியரையும் பாருங்கள், எழுத்தில் கொடுங்கள், அந்த வார்த்தையை அப்படியே எழுதிக் கொடுங்கள். கிண்டல் செய்கிறார்கள் என்று பொதுவாக எழுதினால், "பசங்கன்னா அப்படித்தான் சார்" என்று அனுப்பிவிடுவார்கள். பையனைத் தண்டிக்கப் பெண்கள் பக்கத்தில் உட்காரவைக்கும் பழக்கம் அந்த வகுப்பில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாக இருக்கும். பெண்ணாக இருப்பதே தண்டனை என்று ஆசிரியரே சொல்லிக்கொடுத்த பிறகு பின் பெஞ்சைக் குறை சொல்லி என்ன பண்ண?

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது, அதற்கும் சொல்லிவிடுகிறேன். டான்ஸ் பிடிக்கும் என்றால் டான்ஸ் பிடிக்கும், அவ்வளவுதான் அர்த்தம். அதற்கு மேல் ஏதாவது இருந்தால் அதை அவன் ஒரு நாள் சொல்வான், உங்களிடம் சொல்ல முடியும் என்று தோன்றினால். திருநங்கைகளுக்கு நல வாரியம் இந்தியாவிலேயே முதலில் அமைத்தது நம் மாநிலம்தான், 2008இல். 2014இல் உச்ச நீதிமன்றமும் அவரவர் பாலினத்தை அவரவரே சொல்லலாம் என்றுவிட்டது. சட்டம் அந்த அளவுக்கு வந்துவிட்டது, வகுப்பறைதான் இன்னும் 9க்குச் சிரித்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலம் அவன் ஆடுவதை உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள். போன் பார்க்காமல்.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு பாட்டி (பேத்தி கையால் எழுதியது): அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டவள் நான். இப்போது பேத்தி பிளஸ் ஒன். அரசாங்கம் கொடுத்த சைக்கிளை என் மகன் பால் கேன் வைத்து எடுத்துப் போகிறான். பிள்ளையைத் தானே டூ வீலரில் கொண்டு விடுகிறான், ரோடு சரியில்லையாம். நான் சொன்னால் கேட்பதில்லை.

பாட்டி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டராக இருந்தபோது கல் குவாரிப் பெண்களும் நர்சுகளும் வயல் வேலைக்காரப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை நான் பத்திரிகையில் படித்தவள்தான், நீங்கள் ஓட்டியவர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஓட்டினார்கள், முன் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதுவே வசதி என்றும் சொன்னார்கள் என்று படித்த ஞாபகம். நீங்கள் உட்காரவைத்த பிள்ளைதான் இப்போது பால் கேன் கட்டுகிறவரா?

அவருக்குச் சொல்ல ஒரு விஷயம் தருகிறேன். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தவர்கள், உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்வது 32 சதவீதம் கூடியதாகவும் பையனுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்ததாகவும் கண்டார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். சைக்கிள் கொடுத்தது மட்டும் இல்லை, நாலு பெண்கள் சேர்ந்து ஓட்டிக்கொண்டு போனதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அப்பா டூ வீலரில் கொண்டு விட்டால் அப்பாவுக்குக் காய்ச்சல் வருகிற அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஸ்பெஷல் கிளாஸ் இருந்தால் அவர் பால் ஊற்றப் போகிற நேரம் பார்த்து வெளியே வரவேண்டும்.

ரோடு சரியில்லை என்பது உண்மையாகவும் இருக்கலாம். உங்கள் காலத்தில் மட்டும் என்ன ரோடு போட்டிருந்தார்களாம்? அதே வழியில் வருகிற பெண்கள் இன்னும் இரண்டு பேர் தெருவில் இருப்பார்கள், பேத்தியைக் கேட்டுப் பாருங்கள், கூட்டாகப் போகட்டும். முதல் நாள் பின்னாலேயே உங்கள் மகன் வண்டியில் வரட்டும், தப்பில்லை, இரண்டாம் நாள் சலித்துப்போய் நின்றுவிடுவார்.

பால் கேனுக்கு வேறு வண்டி பார்க்கச் சொல்லுங்கள். சாவியை இன்றைக்கே வாங்கிப் பேத்தி கையில் கொடுங்கள். கேன் கட்டி ஓட்டிய சைக்கிள் என்றால் பின் டயர் தேய்ந்திருக்கும், செயின் துரு பிடித்திருக்கும், தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், மண் ஒட்டும். சைக்கிள் கடையில் கேட்டால் ரெண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டுத் தருவார்கள். சீட்டை இறக்கி வைக்கவும் சொல்லுங்கள், உங்கள் மகன் உயரத்துக்கு ஏற்றியிருப்பார்.